மயில் துப்பிய தண்ணீர்

செவிலிமேடு சிவபாலன் ஐயா அவர்களுக்கு,

காஞ்சிபுரத்திலிருந்து தறிக்காரன் திருஞானசம்பந்தம் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. தங்கள் துணைவியார் துர்காதேவி அம்மையாருக்கு ஜலதோஷம் விட்டதா என்று அறிய ஆவல். தங்களைச் சம்பந்தி என்று எழுதப் போய், பயந்து நிறுத்திவிட்டேன்.

பெண்ணும் பிள்ளையும் பூங்காவில் பார்த்துப் பேசட்டும் என்றது தாங்கள். மயில் நீரூற்றின் சுற்றுச்சுவரில் எல்லாரையும் உட்காரவைத்தது நான். அந்த சிமெண்ட் மயில் திறப்புவிழாவுக்கு அப்புறம் ஒரு சொட்டு துப்பியதில்லை, ஊரே அங்கே உட்கார்ந்துதான் சுண்டல் தின்னும். அன்றைக்குப் பார்த்து வாட்ச்மேன் முனுசாமி மோட்டாருக்குப் புது வயர் போட்டு, ஓடுதான்னு சுவிட்சைத் தட்டுவான்னு நான் கனவா கண்டேன்? அம்மையார் தலையில் அவ்வளவு பாசித்தண்ணியும் கொட்டி, எழுந்தவங்க வழுக்கி உழுந்துட்டாங்க. கட்டியிருந்தது நானே நெய்து மரியாதைக்குக் கொடுத்த அரக்குப் பட்டு. நியாயமா கையைக் கொடுத்துத் தூக்கியிருக்கணும். நான் என்ன பண்ணேன், முந்தானையைப் புடிச்சுப் பிழிஞ்சு வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன். நனைஞ்ச பட்டைக் கண்டா சாயம் நிக்குதான்னுதான் கை போவுதுங்க, உள்ளே ஆள் இருக்காங்கன்னு தோணல. "காமாட்சி, சாயம் நிக்குது பாரு"ன்னு அத்தனை பேர் முன்னாடி கூவினேனே, அதை நினைச்சா சோறு எறங்கல. என் சம்சாரமும் ஓடி வந்து சரிகையைத் திருப்பிப் பார்த்தா. அவளையும் மன்னிக்கணும்.

ஏற்கெனவே மூணு இடம் தட்டிப்போச்சு. என் பொண்ணு இளவரசிக்கு வயசு ஏறிக்கினே போவுது. இதுவும் என் கையாலயே கெட்டுதுன்னா அது மூஞ்சியில நான் எப்படிங்க முழிப்பேன்? கோபத்தை என்மேல் வைத்துக்கொண்டு பெண்ணை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். கல்யாணத்தன்று கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறேன்.

ஏகாம்பரநாதர் அருளால் தங்கள் குடும்பம் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும். மாப்பிள்ளை தினேஷுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
திருஞானசம்பந்தம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இளவரசிக்குப் படித்துக் காட்டினேன். "நீயாவது பொடவையப் புடிச்சபா. அந்த மாப்பிள்ளை அவரு அம்மா உழுந்ததப் பாத்துக்கினே, போன் நனையுதுன்னு பார்க்கு கேட்டு வரைக்கும் ஓடனாரு. எனக்கு வாணாம்" என்றாள். ஆகவே மேலே கேட்டதை மறந்துவிடவும். இன்று மதியம்தான் எனக்குச் சோறு இறங்கியது. புடவை அம்மையாரிடமே இருக்கட்டும், சாயம் போகாது.