எப்பக்காவும் ஏழு மணி பால்வாடியும்

அரசாங்கம் பேசும் தமிழை வார்த்தைக்கு வார்த்தை நம்பிய ஒரே மனுஷி, விருதுநகர் மாவட்டத்தில் எப்பக்காதான். ஓர் அலுவலகத்தில் "பார்க்கலாம்" என்று சொன்னால் நாமெல்லாம் அர்த்தம் புரிந்து பஸ் ஏறிவிடுவோம். எப்பக்கா அங்கேயே நின்று, "எப்ப பாப்பீக?" என்று கேட்பார்.

அந்தக் கேள்வியால் வந்த பெயர்தான் அது. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை. திருத்தங்கலில் அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் நான் குடியிருந்தேன். அச்சகம் ஒன்றில் டி.டி.பி. வேலை எனக்கு. குடிவந்த புதிதில் ஒரு மரியாதைக்காக, "ஒரு நாள் சாப்பிட வாங்கக்கா" என்று சொல்லிவிட்டேன்.

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை..." என்று உளறினேன். ஞாயிறு மதியம் மகன், மருமகள், மருமகளின் அம்மா சகிதம் வந்து நின்றார். குழம்பு எனக்கு மிஞ்சவில்லை. பக்கத்து வீட்டில், "அந்த அக்காகிட்ட ஒரு நாள்னு சொல்லக் கூடாதே, ஒங்கிட்ட யாரும் சொல்லலையா?" என்று அனுதாபப்பட்டார்கள்.

எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு சங்கம் உண்டு. ஞாயிறு சாயங்காலம் பூட்டிய ரேஷன் கடை வாசலில் கூடுவோம். முக்கால்வாசி நேரம் மாமியார், மருமகள் விவகாரம்தான். எங்களில் ஒருத்தியான முத்துமாரியின் பிள்ளை தனியாக ரோட்டுக்குப் போய்விட்ட அந்த வாரம்தான் பேச்சு திசைமாறியது.

தெருவில் பெரும்பாலான பெண்களைப் பட்டாசு வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வேன் காலை ஏழு மணிக்கு வரும். பால்வாடி திறப்பது ஒன்பதரைக்கு. நடுவில் சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பது வீட்டில் உள்ள பெரிய பெண்பிள்ளையின் வேலை. தம்பியைப் பால்வாடியில் விட்டுவிட்டு அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது முதல் பீரியட் முடிந்திருக்கும். கொஞ்ச நாள் திட்டு வாங்குவாள், பிறகு பள்ளிக்கூடத்தையே விட்டுவிடுவாள். முத்துமாரியின் மூத்தவளுக்கு அன்றைக்குப் பரீட்சை. கதவைச் சாத்திவிட்டு ஓடியிருக்கிறாள். மூன்று வயதுப் பயல் கதவைத் திறந்துகொண்டு லாரி போகிற மெயின் ரோட்டின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டான். ஒரு லாரி டிரைவர் பிரேக் போட்டு, இறங்கி, பயலை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கேட்டு வந்தார்.

"பால்வாடிய ஏழு மணிக்குத் தெறக்கச் சொல்லுவோம்," என்றார் எப்பக்கா.

"டீச்சர் பாவம்லக்கா?" என்றேன்.

"அந்தம்மாவுக்கும் வீடு வாசல் இருக்கு. அவுக வழக்கம்போல வரட்டும். வெள்ளன வந்து பாத்துக்கிட இன்னொரு ஆளப் போடச் சொல்லுவோம்."

மனுவை நான் டைப் அடித்தேன். சிவகாசியில் உரிய அதிகாரியைப் பார்க்கப் போனோம். தங்கமான மனிதர்தான், ஆனால் இருபது வருஷ சர்வீஸ்.

"உங்க குழந்தைக்கு என்ன வயசும்மா?" என்றார் எப்பக்காவிடம்.

"இருபத்தேளு, சார். லாரி ஓட்டுதான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சரிம்மா, பார்க்கலாம்."

"எப்ப?"

"அடுத்த வாரம்."

அடுத்த வாரம் போய், "பாத்தாச்சா சார்?" என்று நின்றார். "மேலே எழுதியிருக்கோம்மா," என்றார் அதிகாரி. எப்பக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். படிக்கட்டைத் தேடிக் கண்டுபிடித்து ஏற ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன். மாடியில் இருந்தது தண்ணீர்த் தொட்டியும் சில புறாக்களும்தான். மூச்சு வாங்க இறங்கிவந்து, "மேல பூராவும் பாத்துட்டேன் சார், ஒண்ணும் எளுதலையே. பெயின்ட் அடிச்சிட்டீகளோ?" என்றார். பியூன் தம்ளரோடு வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

அதற்கு அடுத்த முறை மனு "பரிசீலனையில்" இருந்தது. "அது எந்த ரூம்ல சார்? ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருதோம்," என்றார். வேறு யாராவது கேட்டிருந்தால் அதை நக்கல் என்பார்கள். எப்பக்காவின் முகத்தில் அந்த அறையைப் பார்க்கும் ஆசை தவிர வேறெதுவும் இல்லை.

கடைசியில் அதிகாரி பொறுமையிழந்தார். "காலங்காத்தால ஏழு மணிக்கு யாரும்மா பிள்ளைய விட வரப்போறாங்க? நானே நேர்ல வந்து பாத்தாத்தான் நம்புவேன்."

"எப்ப வாறீக?"

"செவ்வாய்க்கிழமை வரேன், போங்க!" துரத்துவதற்காகச் சொன்னது.

செவ்வாய் விடியும்போதே எப்பக்கா ஆட்டோவோடு அவர் வீட்டு வாசலில் நின்றார். கூடவே தூக்கம் கலையாமல் நான். பனியனோடு வெளியே வந்த அதிகாரி பேயைப் பார்த்தது போல் நின்றார். "ஒங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு ஆட்டோ கொண்டாந்துட்டேன் சார்." அவருடைய மனைவி எங்களுக்குக் காப்பி கொடுத்து, விஷயத்தைக் கேட்டு, சட்டையை எடுத்துவந்து புருஷன் கையில் கொடுத்தார். "வரேன்னு சொல்லிட்டீங்கள்ல, போயிட்டு வாங்க."

பூட்டிய பால்வாடி வாசலில் எங்கள் சங்கம் மொத்தமும் இடுப்பில் பிள்ளைகளோடு நின்றது. ஒருவரும் கோஷம் போடவில்லை. அதிகாரி எதையோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் வேன் வந்துவிட்டது. தீபாவளி சீசன். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சார், கொஞ்சம் பிடிங்க," என்று முத்துமாரி தன் பயலை அவர் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அது திட்டமில்லை, அவளுக்குப் பதற்றம். ஆனால் அடுத்தவள் அதைப் பார்த்தாள், அவளுக்கு அடுத்தவளும் பார்த்தாள். வேன் கிளம்பியபோது அதிகாரியின் கையில் ஒன்று, தோளில் ஒன்று, வேட்டி கட்டியிருந்தால் அவிழ்ந்திருக்கும் அளவுக்குக் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம்.

"ஏம்மா! இவங்கள்ல யார் யாரோட பிள்ளை?"

"எல்லாம் நம்ம பிள்ளைகதான் சார்," என்றார் எப்பக்கா. அன்று கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தார். "நீங்க அப்பிடி உக்காருங்க."

டீச்சர் வரும்வரை மூவரும் பார்த்துக்கொண்டோம். அதிகாரியின் சட்டை நனைந்தது. பேனா தொலைந்தது. ஒரு பெண்குழந்தை அவர் மடியிலேயே தூங்கிப்போனதால் டீச்சர் வந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. "தெனமும் இவ்வளவு நேரமா தனியா இருக்குதுங்க?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு அவரே உட்கார்ந்து எழுதினார். எழுதியும் உடனே நடந்துவிடவில்லை. ஆனைக்குட்டம் பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். விருதுநகருக்கு மனு கொடுக்கப் பலமுறை போனோம். ஒரு வழியாக எங்கள் பால்வாடியில் காலை ஏழு மணிக்கு ஓர் உதவியாளரைப் போட்டார்கள். பிறகு பட்டாசு வேன் போகிற மற்ற ஊர்களுக்கும் அது வந்தது. திறந்த அன்று முத்துமாரியின் மூத்தவள் முதல் மணி அடிக்கும் முன்பே பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதிகாரி குடும்பத்தோடு வந்து மிட்டாய் கொடுத்தார். எப்பக்காவைப் பேசச் சொன்னார்கள். "எனக்கு என்ன பேசத் தெரியும்?" என்று பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். எங்களுக்கெல்லாம் சிரிப்பு அடங்கவில்லை.

எனக்கு மதுரையில் வேலை கிடைத்து ஊரை விட்டபோது பஸ் ஏற்றிவிட வந்தார். கை நிறைய காரச்சேவுப் பொட்டலம். என் பெட்டியைத் தானே தூக்கி வைத்துவிட்டு, கண்டக்டரைக் கூப்பிட்டு, "தம்பி, இவுக எங்க ஆளு. பாத்து எறக்கி விடுங்க," என்றார்.

நான் அந்த ஊரில் பிறந்தவளும் இல்லை, வாழ்க்கைப்பட்டவளும் இல்லை. வாடகைக்கு இருந்தவள். பஸ் திரும்பும் வரை அவர் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோது காசுக்குப் பதிலாகக் காரச்சேவுப் பொட்டலத்தை நீட்டினேன்.