அமீனா கொடுத்த நாய்கள்

தென்காசியில் மனிதர்கள் அத்தனை பேரும் பார்த்து நடுங்கிய, நாய்கள் அத்தனையும் பார்த்து வாலாட்டிய ஒரே ஆள் எங்கள் கோர்ட் அமீனாதான். கடன் வாங்கித் திருப்பித் தராதவர்களின் வீட்டுக்குப் போய்ச் சாமான்களை ஜப்தி செய்வது அவர் உத்தியோகம். நான் அப்போது அதே கோர்ட்டில் புதுக் குமாஸ்தா. அவர் கூடவே போய் அண்டா குண்டான்களைக் குறித்துக்கொள்வது என் தலையெழுத்து. வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, மார்பின் குறுக்கே பித்தளை வில்லை பதித்த பட்டை என்று அவர் தெருவில் நுழைந்தால், பாத்திரங்கள் கொல்லை வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடும். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு கிறுக்கு. குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்கு முன்பு, குளிக்க வரும் பெரிய மனிதர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று, தெருநாய்களைப் பிடித்து கட்டாக்காலி மாடுகளை அடைக்கும் பவுண்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் அடைப்பார்கள். சொந்தக்காரர் வந்து கேட்டால் விடுவார்கள். கேட்பாரில்லாத நாயைக் கொன்றுவிடுவார்கள். கோர்ட் கலைந்ததும் அமீனா நேரே அங்கே போவார். இருப்பதிலேயே சொறி பிடித்த ஒன்றைக் காட்டி, அது தன் வீட்டு நாய் என்பார். காவல்காரன் முதலில் நம்பினான். பிறகு, ஒரு மனிதருக்கு எத்தனை நாய்தான் தொலையும் என்று கேட்க ஆரம்பித்தான்.

"வீட்டுல கதவு சரியில்லப்பா" என்பார் அமீனா, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல்.

மீட்ட நாயைச் சிற்றாற்றில் குளிப்பாட்டி, வேப்பெண்ணெய் தடவி, சொறி ஆறியதும் அதற்கொரு வீடு தேடுவார். அங்கேதான் என் மானம் கப்பலேறும். அவர் முழு உடுப்போடு முன்னால் நடப்பார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால்.

ஒருமுறை அரிசி மண்டிக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். உள்ளே யாரோ அமீனா என்று சொன்னது காதில் விழுந்தது. அடுத்த நொடியே அடுக்களையில் பித்தளைச் சத்தம். மண்டிக்காரர் வெளுத்த முகத்தோடு வெளியே வந்து, வாய்தா இன்னும் இருக்கிறதே என்று இழுத்தார்.

"ஜப்திக்கு வரல அண்ணாச்சி. இவன ஒங்க வீட்டுல வச்சுக்கிடுதியளா?"

கோவில் பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையையும் நீட்டிக் கயிற்றை வாங்கிக்கொண்டார் மனிதர். எடுக்க வந்தவன் கொடுத்துவிட்டுப் போகிறானே என்ற நிம்மதியில் ஊரில் ஒருவரும் மறுத்ததில்லை. வாத்தியார் ஒருவர் வாய் குழறி, இன்னொன்று இருக்கிறதா என்றுகூடக் கேட்டுவிட்டார். மறுநாளே அவருக்கு இன்னொன்றும் போய்ச் சேர்ந்தது.

எனக்கு 'நாய்க் குமாஸ்தா' என்று பெயர் விழுந்தது. செங்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் தகப்பனார் எனக்குக் கோர்ட்டில் வேலையா, நாய் பிடிக்கிற வேலையா என்று சாவகாசமாக விசாரித்தார். தட்டில் இருந்த நேந்திரங்காய் வறுவலை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

அந்த ஆத்திரத்தில் ஒருநாள் ஆய்க்குடியிலிருந்து திரும்பும் வழியில் அவரிடம் கேட்டேவிட்டேன். ஊரில் தலைகாட்ட முடியவில்லை, இதெல்லாம் எதற்கு என்று. அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு சொன்னார்.

முன்பு அச்சன்புதூரில் ஒரு சம்சாரி வீட்டை ஜப்தி செய்தாராம். தெருவே கூடி வேடிக்கை பார்த்ததில் அவமானப்பட்டு, அந்தக் குடும்பம் மறுநாளே ஊரைவிட்டுப் போய்விட்டது. அவர்கள் வீட்டு நாய் மட்டும் பாத்திரம் ஏற்றிய வண்டிக்குப் பின்னாலேயே தென்காசி வரைக்கும் ஓடி வந்து, ஜப்திச் சாமான் அறை வாசலில் படுத்துக்கொண்டது. அதைத் தாண்டித்தான் இவர் தினமும் போகவேண்டும்.

"ஒரு பிடி சோறு போடல தம்பி. அமீனா நாய்க்குச் சோறு வைக்கான்னு சனங்க சிரிக்கும்னு வெக்கம். நாய் பிடிக்கவன் இழுத்துட்டுப் போகும்போதும் பாத்துட்டுத்தான் நின்னேன். என்னையப் பாத்து வாலாட்டுச்சு. அதோட வீட்டுப் பானையத் தூக்கிட்டு வந்தவன் நாந்தான்னு அதுக்குத் தெரியல."

மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்கு ஓடியிருக்கிறார். அதற்குள் காரியம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு கயிற்றைப் பிடிக்க நான் முகம் சுளித்ததில்லை. ஆனால் வினை வேறு பக்கமிருந்து வந்தது. ஊரில் நாய்கள் பெருகப் பெருக, அமீனாவுக்கு ஜப்தி நடத்த முடியாமல் போயிற்று. தெரு முனையில் அவர் தலைப்பாகை தெரிந்தால் போதும், அவர் கொடுத்த நாய்களெல்லாம் குரைத்துக்கொண்டு, கும்மாளம் போட்டுக்கொண்டு எதிரே ஓடிவரும். அவை அவர் முகத்தை நக்கி முடிப்பதற்குள் வீடுகள் காலியாகிவிடும். ஒரு ஓட்டை வாளியை மட்டும் எடுத்துக்கொண்டு நாங்கள் திரும்புவோம்.

கடன் கொடுத்தவர்களின் வக்கீல், அமீனா வேண்டுமென்றே துப்புக் கொடுக்கிறார் என்று முன்சீப்பிடம் புகார் செய்தார். கோர்ட் நிறைந்திருந்தது. அமீனா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாய்கள் மூலமாக நோட்டீஸ் அனுப்பும் வழக்கம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று முன்சீப் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து முன்சீப் பங்களாவிலிருந்து சமையற்காரர் மத்தியானச் சாப்பாட்டோடு வந்தார். அவருக்குப் பின்னால் வந்த செவலை நாய், அதுவும் நாங்கள் கொடுத்ததுதான், அமீனாவைக் கண்டது. பெஞ்சு, வக்கீல், வாதி எல்லாவற்றையும் தாண்டிப் பாய்ந்து, அவர் தோளில் காலைப் போட்டு முகமெல்லாம் நக்கியது. சமையற்காரர் எவரைப் பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார். முன்சீப் காது சிவக்க, தலை கவிழ்ந்து காகிதத்தைப் புரட்டினார்.

ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். அமீனா இனி ஜப்திக்குப் போக வேண்டாம், சாமான் அறைக்குக் காவல் இருந்தால் போதும் என்றார் முன்சீப். அத்தனை பேர் முன்னால் அமீனா பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வைக்கும்போது வில்லையை வேட்டியில் ஒருமுறை துடைத்தார். அன்று கோர்ட்டில் தலை நிமிர்ந்து இருந்தது அந்தச் செவலை நாய் ஒன்றுதான்.

சாயங்காலம் அவரைத் தனியே விட மனசில்லாமல் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போனேன். சாரல் ஓய்ந்து, கூட்டமெல்லாம் போய்விட்ட சமயம். பெரிய அருவி பாறையோடு ஒட்டிக்கொண்டு நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே போய் நின்றவர் வெகுநேரம் முகத்தைத் திருப்பவே இல்லை. கடைசியில் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தன.

"தண்ணி வேகம் இன்னிக்கு ஜாஸ்தி தம்பி" என்றார்.

"ஆமா அண்ணாச்சி, ரொம்ப ஜாஸ்தி" என்றேன்.