ஈரத்துண்டோடு ஒரு கிளைக் கூட்டம்

"கிளைக் கூட்டங்களுக்கு உறுப்பினர்கள் கண்ணியமான உடையில் வருதல் வேண்டும்." இது விதி பதினொன்று. எங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் சங்கம் அச்சடித்து அனுப்பிய விதிப் புத்தகத்தில் இருந்தது. எல்லா ஊர்க் கிளைகளுக்கும் அது பொருந்தியது. தென்காசிக் கிளைக்கு மட்டும் பொருந்தவில்லை. எங்கள் கூட்டங்கள் குற்றாலத்தில், அருவிக்குப் பத்தடி தள்ளி, இடுப்பில் துண்டோடு நடந்தன. அந்தக் கிளையின் செயலாளர் நான். நடவடிக்கைக் குறிப்பு நனையாமல் இருக்க ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்துக் கொண்டுபோவேன்.

இதற்கெல்லாம் காரணம் சர்வகலாசாலை அண்ணாச்சி. இந்தப் பூமியில் என்னை அவர் அளவுக்கு வெட்கப்பட வைத்த மனிதர் பிறக்கவில்லை. இனிப் பிறப்பதற்கும் வாய்ப்புக் குறைவு.

இலஞ்சியில் அவருக்குத் தென்னந்தோப்பு. தேங்காய் தானாக விழும். அண்ணாச்சிக்குப் பொழுது தானாகப் போகாது. இளவயதில் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போய், எல்லாப் பாடத்திலும் தேறி, தர்க்க சாஸ்திரத்தில் மட்டும் தவறி ஊர் திரும்பியவர். விதி மூன்றின்படி பட்டம் பெற்றவர் மட்டுமே சங்கத்தில் உறுப்பினராகலாம். ஆனால் ஐம்பதுகளில் நாங்கள் கிளை தொடங்கியபோது வக்கீல், டாக்டர், தாலுகா ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவாகிய நான் உட்பட எந்தப் பட்டதாரியும் தலைவர் பதவிக்கு முன்வரவில்லை. அண்ணாச்சி எல்லோருக்கும் காபியும் வடையும் வரவழைத்தார். ஏகமனதாக அவரையே தேர்ந்தெடுத்தோம். விதி மூன்றைப் பற்றி வடை தீர்ந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

பல்கலைக்கழகம் பழைய மாணவர்களுக்கு ஆண்டறிக்கை அனுப்பும். நாங்கள் அதை மேசை இழுப்பறையில் போடுவோம். அவர் சலூனில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். பாதித் தலை சிரைத்த நிலையில் ஆட்கள் ஓட முடியாமல் கேட்பார்கள். பேராசிரியர் யாராவது இறந்துபோனால் தோப்பில் வேலை கிடையாது. கால்பந்துக் கோஷ்டி தோற்றால் வில்வண்டியில் கறுப்புத் துணி பறக்கும். முதல் தார் வாழைப்பழம் பதிவாளருக்கு ரயிலில் போகும்; அது போய்ச் சேரும்போது எந்த நிலைமையில் இருந்தது என்பதைப் பதிவாளர் அலுவலகம் நாகரிகம் கருதி எழுதியதில்லை.

பட்டமளிப்பு விழா நாளில் வக்கீலின் கறுப்பு அங்கியை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, காலை முதல் மாலை வரை தென்காசிப் பெரிய கோயில் முன்பு நிற்பார். பின்பக்கமிருந்து பார்த்த கட்சிக்காரர்கள் வக்கீலுக்குத்தான் சித்தம் கலங்கிவிட்டதென்று முடிவுசெய்து செங்கோட்டை வக்கீல்களிடம் போய்விட்டார்கள்.

இவையாவது தரையில் நடந்தவை. சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அவர் அருவிக்கு இடம் மாறிவிடுவார். குற்றாலத்துக்கு நாலா திசையிலிருந்தும் படித்தவர்கள் வருவார்கள். அதில் நம் பல்கலைக்கழகத்தார் எத்தனை பேர் என்று கண்டுபிடிக்க வேண்டாமா? தண்ணீருக்கு அடியில் நின்றுகொண்டு, அருவியின் இரைச்சலையும் மீறி அடிவயிற்றிலிருந்து கத்துவார்:

"நம்ம சர்வகலாசாலைப் பிள்ளைக யாரும் உண்டுமா?"

ஒருநாள் அவர் ஒருவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்; அந்த ஈர மனிதர் எங்கள் சப் கலெக்டர். "எந்த வருசம்? எந்த ஹாஸ்டல்? மெஸ்ஸிலே சாம்பாரு அப்பவும் தண்ணிதானா?" என்று அவரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டே, "செகரட்டரி, பேரை எழுதும்வே!" என்று என் பக்கம் திரும்பினார். நான் அருவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். மூச்சு முட்டியது. வெளியே வருவதைவிட அது பரவாயில்லை என்று தோன்றியது.

இப்படி நான் தலை கவிழ்ந்து நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் மைமூன் டீச்சர் விஷயம் வந்தது.

டீச்சர் பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தார். பஜாரில் லுங்கிக் கடை வைத்திருந்த பாயின் மகள். திருநெல்வேலியில் அத்தை வீட்டில் தங்கி இன்டர்மீடியட் முடித்தவர். ஆசிரியர்கள் கல்லூரிக்குப் போகாமலே பி.ஏ. எழுதலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதித்திருந்ததால் தானே படித்துத் தயாராக இருந்தார். ஆனால் பரீட்சை மையம் திருநெல்வேலியில். அத்தை காலமாகிவிட்டார். தனியாக ஒரு பெண் தங்கிப் பரீட்சை எழுத அந்த ஊரில் இடம் இல்லை. இதற்கிடையில் அந்தப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கப் போகிறார்கள், பி.ஏ. படித்த பெண் ஒருவர் வேண்டும். இரண்டு வருஷம் பார்ப்போம், அதற்குள் டீச்சர் எழுதாவிட்டால் வெளியூரிலிருந்து ஆள் எடுப்போம் என்று நிர்வாகி சொல்லிவிட்டார்.

அண்ணாச்சியும் நானும் கடையில் இருந்தபோது டீச்சரே இதைச் சொன்னார்.

"அண்ணாச்சி, நீங்க அருவியிலே கத்துதது எங்க தெரு வரைக்கும் கேக்குதுன்னு வாப்பா சொல்லுதாக. அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் சர்வகலாசாலை பக்கமாத் திருப்பக் கூடாதா? இங்கனயே ஒரு பரீட்சை மையம் போடச் சொல்லுங்க."

"ஏட்டி, சும்மா இரு," என்றார் பாய்.

"அவ சொல்லட்டும் பாய்," என்றார் அண்ணாச்சி. "நீரு தென்காசியிலேன்னா அனுப்புவீரா?"

"தென்காசிக்குள்ளே எங்கன வச்சாலும் கூட்டிட்டுப் போயி நானே வாசல்லே உக்காந்திருப்பேன். திருநெல்வேலியிலே எங்க தங்க வைக்கச் சொல்லுதீக?"

மையம் கேட்பதற்கும் விதி உண்டு. முறைப்படி கூடிய கிளைக் கூட்டத்தில், பதினைந்து பட்டதாரிகள் கையெழுத்திட்ட தீர்மானம் வேண்டும். எங்கள் தாலுகாவைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினாலும் நம் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் எட்டுப் பேர்தான் உதிர்வார்கள். மீதியை அருவியில்தான் பிடிக்க வேண்டும். அண்ணாச்சி பிடித்தார். அருவிக்கரையில்தான் கையெழுத்தும் வாங்கினார். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர் முதலில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொள்வார் என்பதை இருவருமே மறந்துவிட்டோம். எண்ணெய்க் கைகள் பதினைந்தும் பட்டு முடித்தபோது காகிதத்தின் வழியே மலை தெரிந்தது. பதிவாளர் அதைத் திருப்பி அனுப்பினார். "இணைப்பு படிக்கத்தக்கதாக இல்லை" என்று எழுதியிருந்தார். ஒரு தலைமைக் குமாஸ்தாவின் கையால் போன காகிதத்தைப் பற்றி அப்படி எழுதப்பட்டது என்பதை என் ஆபீசில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறு வருஷம் ஆனியில் நான் முன்யோசனையோடு ஒரு கூட்டத்தைத் தொடங்கி உடனே ஒத்திவைத்தேன். ஒத்திவைத்த கூட்டத்தை மறுபடி கூட்டப் புதிய அறிவிப்புத் தேவையில்லை. சாரல் உள்ள நாள்வரை எப்போது தலைகள் சேர்ந்தாலும் அது கூட்டம்தான். ஆடியில் ஒரு காலை அண்ணாச்சி ஈரத்தோடு ஓடி வந்தார்.

"செகரட்டரி, டின்னை எடும்வே! துணைவேந்தர் வந்திருக்காரு!"

"எங்கே அண்ணாச்சி?"

"எண்ணெய் தேய்க்கித பாறையிலே. குப்புறக் கிடக்காரு."

"முகத்தைப் பார்க்காமல் எப்படி..."

"முகம் யாருக்கு வேணும்? பக்கத்திலே டவாலிப் பட்டை போட்ட பியூன் துண்டைப் பிடிச்சிட்டு நிக்கான்வே. நான் கேட்டுட்டேன்."

நான் போய்ச் சேர்வதற்குள் பாக்கிப் பதினான்கு பட்டதாரிகளை அருவியிலிருந்து இழுத்து வந்து பாறையைச் சுற்றி நிறுத்திவிட்டார். பாயையும் கடையிலிருந்து வரவழைத்திருந்தார். சட்டை, லுங்கி, தொப்பி, குடையோடு பாய் நின்றார். அங்கே விதி பதினொன்றைக் காப்பாற்றியவர் உறுப்பினரல்லாத அவர் ஒருவரே.

"யாரது?" என்றார் துணைவேந்தர், பாறையைப் பார்த்தபடி.

"சார், நாங்க தென்காசிக் கிளை. நிறைஞ்ச கூட்டம்," என்றார் அண்ணாச்சி.

துணைவேந்தர் எழ முயன்றார். எண்ணெய் தேய்ப்பவர் அவர் தோளை அழுத்தினார். "அசையாதீக சாமி. நரம்பு பிசகிரும்."

வேறு வழியில்லாமல், பளபளக்கும் அந்த முதுகைப் பார்த்து நான் தீர்மானத்தை வாசித்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ அதிகாரிகள் முன்பு எத்தனையோ வாசித்திருக்கிறேன். முதுகின் முன்பு வாசித்தது அதுவே முதல் தடவை. வாசித்து முடித்ததும் பாய் குடையை மடக்கினார்.

"ஐயா, பரீட்சை எழுதி எம்மவ தோத்தா ஒரு நாள் அழுதுட்டு விட்டுருவா. எழுதாமலே தோத்துட்டு இருக்கா. அதைத்தான் பாத்துட்டு இருக்க முடியலை."

துணைவேந்தர் தலையைப் பக்கவாட்டில் திருப்பினார். அவருக்குத் தெரிந்தவை ஈரக் கால்கள் மட்டும்தான். பிறகு, "நியாயம்தான். முறைப்படி இருந்தால் சிண்டிகேட்டில் வைக்கிறேன். தலைவர் யார்? நீங்களா? எந்த வருஷம் பட்டம் வாங்கினீர்கள்?" என்றார்.

அண்ணாச்சி இடுப்புத் துண்டை இழுத்துக் கட்டினார்.

"வாங்கலை சார்," என்றார் அண்ணாச்சி. "தர்க்கத்துலே போச்சு."

"மறுபடி எழுதவில்லையா?"

"இல்லை சார். ரயிலேறி அங்க போயி, கூடப் படிச்சவனுக வாத்தியாரா நிக்கித இடத்துலே, பெயிலானவனா உக்கார வெக்கமா இருந்துச்சு."

அவரால் நான் பட்ட வெட்கத்துக்குக் கணக்கில்லை. அவருக்கும் வெட்கம் என்று ஒன்று உண்டு, அதைத் தண்ணீருக்கு அடியில் கத்திக் கத்தித்தான் மூடி வைத்திருந்தார் என்பது அந்தப் பாறை அருகேதான் தெரிந்தது. பதினைந்து பட்டதாரிகளும் எங்கள் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அத்தனை பட்டங்களும் சேர்ந்து ஒரு துண்டளவு மானத்தைக்கூட அன்றைக்கு எங்களுக்குத் தரவில்லை.

"அப்படியானால் கூட்டம் செல்லாதே," என்றார் துணைவேந்தர். வருத்தத்தோடுதான் சொன்னார்.

பாய் மறுபடி குடையை விரித்தார். அப்போது என் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது. தாலுகா ஆபீசில் பதினோரு மணிக்கு வரும் குரல்.

"செல்லும் சார். தலைவர் பதவி காலியாக இருந்தால், வந்திருப்பவர்களில் மூத்த பட்டதாரி தலைமை வகிக்கலாம். விதி ஏழு."

"இங்கே மூத்தவர் யார்?"

"நீங்கள்தான் சார். நீங்களும் நம் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தானே?"

"நானா? இந்த நிலைமையிலா? கண்ணியமான உடை என்று ஏதோ..."

"விதி பதினொன்று சார். அதைக் காட்டி ஆட்சேபிக்கும் உரிமை தலைவருக்கு மட்டும்தான்."

முதலில் முதுகு குலுங்கியது. அப்புறம்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது. "இப்படி ஆட்டினா நான் எப்படிய்யா தேய்க்க?" என்று எண்ணெய் தேய்ப்பவர் கையை எடுத்துவிட்டார். துணைவேந்தர் எண்ணெய் வழியும் கையைத் தூக்கி, ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. உரிமை இல்லாத பாயின் கையும் உயர்ந்தது. நான் அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை. துணைவேந்தர் குளித்து, துவட்டி, கை உலர்ந்த பிறகே கையெழுத்திட்டார். மற்றவர்களையும் அப்படியே செய்யச் சொன்னார். எங்கள் பழைய காகிதம் அவர் மேசைவரை போயிருக்க வேண்டும்.

அண்ணாச்சியைத் தேடினேன். அருவியின் கடைக்கோடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றார். கத்தவில்லை.

அதன் பிறகு அவர் எதற்கும் கத்தவில்லை. ஆண்டறிக்கை வந்தது, சலூனில் ஆட்கள் நிம்மதியாகச் சிரைத்துக்கொண்டார்கள். பட்டமளிப்பு நாளில் வக்கீலின் அங்கி வக்கீலிடமே இருந்தது. நான் பஜாரில் தலை நிமிர்ந்து நடக்கலாம். நடந்து பார்த்தேன். கழுத்து வலித்தது.

கார்த்திகை போய் மாசி போயிற்று. மையத்தைப் பற்றிப் பேச்சில்லை. நான் நினைவூட்டுக் கடிதங்கள் போட்டேன். டீச்சருக்குக் கொடுத்த கெடு முடிய வந்தது. அவர் மட்டும் கடையின் உள்ளறையில் படித்துக்கொண்டே இருந்தார்.

பதில் என் ஆபீஸ் தபாலில் வந்தது. பிரித்துப் படித்துவிட்டு, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நேரே லுங்கிக் கடைக்குப் போனேன். தென்காசியில் மையம், வரும் செப்டம்பர் பரீட்சையிலிருந்து. டீச்சர் இரண்டு தரம் படித்தார். தட்டச்சுக்குக் கீழே துணைவேந்தரே பேனாவால் சேர்த்திருந்த வரியை மட்டும் மூன்றாம் தரமும் படித்தார்: "முன்பு ஏதேனும் ஒரு பாடத்தில் தவறியவர்களும் இம்மையத்திலேயே எழுதலாம்."

"இங்கன ஏன் நிக்கீக?" என்றார் என்னிடம். "அருவிக்கு ஓடுங்க சார்."

அன்று ஆனி மாதம், அந்த வருஷத்துச் சாரல் விழுந்த முதல் வெள்ளிக்கிழமை. குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. அண்ணாச்சி குளிக்கத்தான் வந்திருக்கிறார், உள்ளே எங்கேயோ நிற்கிறார் என்று அவருடைய வில்வண்டிக்காரன் சொன்னான். ஆனால் தண்ணீருக்குள் எல்லாத் தலைகளும் ஒரே தலைதான். கடிதத்தை வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டு, சட்டை, வேட்டி, அங்கவஸ்திரத்தோடு அப்படியே அருவிக்குள் நுழைந்தேன். பக்கத்தில் நின்றவர் எங்கள் தாசில்தார் என்பதைப் பார்த்த பிறகும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

"நம்ம சர்வகலாசாலைப் பிள்ளைக யாரும் உண்டுமா?"

ஊரே திரும்பிப் பார்த்தது. பிறகு கடைக்கோடியிலிருந்து கேட்டது:

"இங்கன ஒருத்தன் இருக்கேன்வே! பெயிலானவன், பரவாயில்லையா?"

அன்று ஆனி மாதம், அந்த வருஷத்துச் சாரல் விழுந்த முதல் வெள்ளிக்கிழமை.