தங்கள் தங்கையின் கல்லூரிக் கட்டணம் குறித்து

மே 27, பிற்பகல்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நலம், அங்கும் அவ்வாறே என்று நம்பித் தொடங்குகிறேன். தங்கள் பல் மருத்துவமனையில் கூட்டம் குறையாதிருக்கட்டும் என்று வாழ்த்தலாமா கூடாதா என்பதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு. ஆகவே பொதுவாக வாழ்த்துகிறேன்.

விஷயம் இதுதான். தங்கள் தங்கை கல்லூரியில் சேரப்போகிறாள். தாங்கள் இந்த வரியை இரண்டாம் முறை படிப்பீர்கள் என்று தெரியும், படியுங்கள், காத்திருக்கிறேன். முப்பது ஆண்டுகள் மருந்துக்கடையில் காசாளராக இருந்து, சென்ற டிசம்பர் 31 அன்று ஓய்வு பெற்றவள், பிப்ரவரி 11 அன்று கண் பரிசோதனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறாள். மே 3 அன்று சேர்க்கைக் கடிதத்தை என் மூக்குக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். வேதியியல், மூன்றாண்டு, விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். ரயிலில் எட்டு மணி இருபது நிமிடத் தூரம். ரயில்வே கால அட்டவணைப் பிரிவில் வேலை பார்த்தவன் சொல்வதால் தாங்கள் நம்பலாம். அறுபத்தோரு வயதில் இது எதற்கு என்று கேட்டேன். "இத்தனை வருஷம் டப்பாவை எடுத்துக் கொடுத்தாங்க, நான் காசை வாங்கிப் போட்டேன். உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்றாள். தபால் வழியில் தெரிந்துகொள்ளலாமே என்றேன். "ஆய்வகத்தையும் தபால்ல அனுப்புவாங்களா?" என்றாள். தங்கள் குடும்பத்தில் யாருக்கும் பதில் சொல்ல நேரம் பிடிப்பதில்லை.

கட்டணத்தைக் கண்ணால் கண்டால் தானே அடங்குவாள் என்று எண்ணி, மே 18 அன்று நானே அவளை அக்கல்லூரியின் நிதியுதவிப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இருவருக்குமான ரயில் கட்டணத்தோடு நடந்தேறியது. அங்கே இருந்த அதிகாரி, நம் பிள்ளைகள் வயதுள்ளவர், மிக மரியாதையாக எழுந்து, "பொண்ணு எங்க சார்? பொண்ணு நேர்ல வரணுமே" என்றார். பக்கத்தில் நிற்கிறாள் என்றேன். "இவங்க அம்மாதானே?" என்றார். தங்கள் தங்கை, "பொண்ணும் நான்தான், அம்மாவும் நான்தான், அந்தச் சாரு கூட வந்தவரு" என்றாள். நாற்பது வருடத்துக்கு முன் தங்கள் வீட்டு வாசலில் மாப்பிள்ளை என்று வரவேற்கப்பட்டவன், கூட வந்தவர் ஆனேன். அதன்பின் அவர் தந்தையின் வருமானச் சான்று கேட்டார். மாமா காலமாகி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன என்றேன். "அப்ப காப்பாளர் யாரு?" என்று அவர் கேட்க, இருவரும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்றோம்.

பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். நானும் குறித்துக்கொண்டேன், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை இருக்கும், அதைக் காட்டி இவளை ஊருக்குத் திருப்பிவிடலாம் என்பது என் எண்ணம். முதலாவது, திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை. குடும்ப வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், என் ஓய்வூதியம் அந்த வரம்பை ஒரு மயிரிழை தாண்டி நிற்கிறது. "நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சு இருந்தீங்கன்னா முழுசா கிடைச்சிருக்கும்" என்று அதிகாரி வருத்தத்தோடு சொன்னார். தங்கள் தங்கை, "யோசிச்சுச் சொல்றோம்" என்றாள். அவர்கள் இருவரும் சிரித்தார்கள். ஓர் ஓட்டை கிடைத்தது என்று நான் மனத்துக்குள் நிம்மதி அடைவதற்குள் இரண்டாவது வந்துவிட்டது: மதிப்பெண்ணுக்கான சலுகை, நுழைவுத் தேர்வில் முதல் இருபது பேருக்குப் பாதிக் கட்டணம் தள்ளுபடி. இவள் ஒன்பதாவது. வயது வரம்பு இருக்குமே, பாருங்கள் என்றேன். அதிகாரி விதிகளை முன்னும் பின்னும் புரட்டி, "இல்ல சார், இப்படி ஒருத்தர் வருவாங்கன்னு யாரும் நினைக்கல போல" என்றார். மூன்றாவது, வேலை செய்துகொண்டே படிப்பது. மாலையில் ஆய்வகக் குடுவைகளைக் கழுவி வைத்தால் அந்தக் கூலியை விடுதிக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்களாம். இதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். "வீட்டுல கழுவினதுக்கு இப்படி யாரும் கழிச்சுக் கொடுத்ததில்லையே" என்று என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மிச்சத்துக்குக் கல்விக் கடன். நம் சேமிப்பு சென்ற ஆண்டு கூரை மாற்றியதில் கரைந்துவிட்டதால், கடன் இல்லையேல் கல்லூரி இல்லை. மே 22 அன்று வங்கிக்குப் போனோம். படிப்பு முடிந்து ஓராண்டில், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தவணை தொடங்க வேண்டும் என்றார் மேலாளர். நான் இதுதான் சமயம் என்று, அப்போது இவளுக்கு அறுபத்தைந்து ஆகிவிடும் என்று எடுத்துச் சொன்னேன். "அறுபத்தஞ்சுல கடன் கட்டுறவங்க எங்ககிட்ட நிறைய பேர் இருக்காங்க சார், பசங்க வாங்கின கடன்" என்றார் அவர். ஆனால் ஜாமீன் கையெழுத்து வேண்டும். என் வயது கூடிவிட்டது. அறுபத்தைந்துக்கு உட்பட்ட, இன்னும் சம்பாதிக்கிற பெற்றோரோ உடன்பிறந்தவரோ வேண்டும், பிள்ளைகளுக்குப் படிவத்தில் இடமே இல்லை. அப்படிப்பட்டவர் நம் இரு குடும்பத்திலும் தாங்கள் ஒருவரே.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது: அன்புகூர்ந்து மறுத்துவிடுங்கள். அவள் கேட்டால் ஏதாவது காரணம் சொல்லுங்கள். கை நடுக்கம் என்று மட்டும் சொல்ல வேண்டாம், தங்கள் தொழிலுக்கு ஆகாது.

காரணம் பணமன்று. கல்லூரி கேட்ட மருத்துவச் சான்றுக்காக அவள் வெளியூரில் தன் தோழி வீட்டில் தங்கியிருந்த மே 24, 25 ஆகிய இரண்டு நாளும் நான் இங்கே தனியாக இருந்தேன். காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. "வந்துடுச்சு" என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று பிறகுதான் பார்த்தேன். தண்ணீர் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வாளி நிரம்பி வழிகிற வரை அங்கேயே நின்றேன். இரண்டு நாளே இப்படியென்றால், மூன்று ஆண்டுகளை எந்த அட்டவணையில் எழுதுவது?

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளும் நிறைந்த வாழ்வும் பெற்று, தங்கள் அருகிலேயே இருக்க ஆசி கூறுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பி.கு. (மே 29, காலை): மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடவும். இத்துடன் ஜாமீன் படிவத்தை வைத்திருக்கிறேன். பெருக்கல் குறியிட்ட இடங்களில் கையெழுத்திட்டு, ஜூன் 12-க்குள் வங்கிக்குக் கிடைக்குமாறு அனுப்பவும். நேற்று இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்கக் கிளம்பியபோது அவள், "நீங்க தனியா இருக்கப் பழகல. நான் போகல, விடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன். அமைதியாகச் சொல்லிவிட்டு, ஆய்வகத்துக்கென்று வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்திருப்பதாகவும், அந்தத் துணியைத் தைக்காமல் திரும்ப வாங்கி வரும்படியும் சொன்னாள். கேட்டது கிடைத்துவிட்ட மனிதனாகத் தையற்கடைக்குப் போனேன். தையற்காரர், "வெட்டிட்டேனே சார். அம்மா அளவுக்கு வெட்டினதை வேற யாருக்குப் போடுறது?" என்று வெட்டிய கோட்டின் கையை மட்டும் தூக்கிக் காட்டினார். அவ்வளவு சிறிய கை. தைத்துவிடுங்கள் என்றேன். "அம்மா என்னைக்கு ஊருக்குப் போறாங்க?" என்றார். ஜூலை 1, காலை 6.40 வண்டி என்றேன். "அப்படின்னா அவசரம் இல்லையே சார்" என்றார். இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஜூன் 28-க்குள் கட்டாயம் வேண்டும், போட்டுப் பார்த்துச் சரிசெய்ய நாள் வேண்டாமா என்று சொல்லிவிட்டு வந்தேன்.