ஐந்து குண்டு, ஏழு ஓட்டை

வெண்டலின் விரலிடுக்கிலிருந்து தெறித்த ஸ்பிரிங் மேல்கூரையில் மோதி, மார்லா அப்போதுதான் கொண்டுவந்து வைத்த மாட்டுக்கறி பீன்ஸ் குழம்பில் விழுந்தது.

மார்லா கணவனைப் பார்த்தாள். பிறகு பாத்திரத்தைப் பார்த்தாள்.

"சாப்பிடும்போது பல்லுல தட்டுப்படும். அப்ப எடுத்துக்கலாம்" என்றான் வெண்டல்.

"எங்க அண்ணனும்தான் துப்பாக்கி வெச்சிருக்காரு. கடைக்குப் போனாரு, பெட்டியைப் பிரிச்சாரு, சுட்டாரு. நம்ம வீட்டுல சாப்பாட்டு மேஜையைப் பார்த்தே ரெண்டு மாசமாச்சு."

"அது ஃபேக்டரியில செஞ்சது மார்லா. ஊருக்கெல்லாம் சேர்த்துத் தைச்ச சட்டை. இது என் தோளுக்கு, என் கைக்கு."

"அந்தச் சட்டையோட பட்டன் குழம்புல விழாது."

நெப்ராஸ்காவின் சோளக் காடுகளில் நீர் இறைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன் வெண்டல். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலோடு வீட்டில் கிடந்தான். இலையுதிர் காலத்தில் மாவட்டத் துப்பாக்கிப் போட்டி வரும். பரிசு, பாதி மாடு. சொந்தமாகச் செய்த துப்பாக்கியோடு போய் அந்தப் பாதி மாட்டை ஜெயித்து வருவது என்று படுக்கையிலேயே முடிவெடுத்துவிட்டான். விசையை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகச் சுடும், அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்ளும் ரகம். குழல் ஓரிடத்திலிருந்தும், விசை வேறிடத்திலிருந்தும் தபாலில் வந்து சேர்ந்தன.

ஒரு வழியாகத் துப்பாக்கி முழுதானதும், மார்லாவின் அண்ணன் டேரல் தன் வண்டியில் அவனைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனான். இருநூறு கெஜத்தில் காகிதம். அவ்வளவு தூரத்தில் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு நீ நடக்காதே மாப்ள. நான் எடுத்துட்டு வரேன்" என்றான் டேரல்.

கொண்டுவந்த காகிதம் அம்மை போட்ட முகம்போல் இருந்தது. ஓர் ஓட்டை உச்சியில், ஒன்று அடியில், மற்றவை ஓரமாக எங்கோ.

"மனசுல வெச்சுக்காதே மாப்ள. பார்ட் பார்ட்டா வாங்கிச் சேர்த்தா அதுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது. எனக்கென்னவோ குழல் மேலதான் சந்தேகம்."

வெண்டல் குழலை மாற்றினான். அடுத்த சனிக்கிழமை வந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், இதுல ஏழு ஓட்டை இருக்கு."

"ஆமா."

"நான் அஞ்சுதானே சுட்டேன்?"

டேரல் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "காத்தா இருக்கும்."

"காத்து எங்கேயாவது ஓட்டை போடுமா?"

"நெப்ராஸ்கா காத்து மாப்ள. சொல்ல முடியாது."

அன்றிரவு வெண்டலுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் விசையை மாற்றினான். கை நடுங்குகிறதோ என்று காப்பியை நிறுத்தினான். தலைவலி பிடித்துக்கொண்டது. தலைவலியோடு சுட்டதில் காகிதத்தில் இரண்டே ஓட்டை.

"மீதி மூணும் ஒரே ஓட்டைக்குள்ள போயிருக்குமோ?" என்று ஆசையோடு கேட்டான்.

டேரல் அவன் தோளில் கை வைத்தான். "இருக்காது மாப்ள."

கண் டாக்டரிடம் போனான். அவர் சுவரிலிருந்த கடைசி வரி எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். வெண்டல் அதற்கும் கீழே, அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தான். கண்ணில் குறையில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. கண் சரி, கை சரி, குழல் புதுசு, விசை புதுசு. அப்படியானால் கோளாறு எங்கே? முழங்கால் மாத்திரையை நிறுத்திப் பார்த்தான். முழங்கால் வீங்கியது. பாகங்களையெல்லாம் கழற்றிச் சமையலறைத் தொட்டியில் போட்டு ஊறவைத்தான்.

"அந்த ஸ்பிரிங்கை அன்னிக்கே தூக்கிப் போட்டிருக்கணும்" என்றாள் மார்லா. "பீன்ஸ் ஒட்டிக்கிட்டிருக்கும்."

"கழுவிட்டேனே."

"நீங்க கழுவின லட்சணம் எனக்குத் தெரியாதா?"

கடைசியில் டேரல்தான் கைகொடுத்தான். "அதை என்கிட்ட குடுத்துடு மாப்ள. எதுக்காவது உதிரிக்கு ஆகும். பாதி விலை தரேன். தங்கச்சிக்கும் மேஜை திரும்பக் கிடைச்ச மாதிரி இருக்கும்."

மார்லாவின் கண் கலங்கிவிட்டது. "தங்கமான மனசு எங்க அண்ணனுக்கு" என்றபடியே மேஜை மேல் பூப்போட்ட விரிப்பைப் போட்டாள். வெண்டல் துப்பாக்கியைத் துடைத்துக் கொடுத்தான். கொடுத்த பிறகும் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. மறுநாளே கடைக்குப் போய், பெட்டியில் அடைத்த ஃபேக்டரி துப்பாக்கி ஒன்றை வாங்கினான்.

அந்தச் சனிக்கிழமை டேரலுக்கு ஒழியவில்லை. பக்கத்து மாவட்டத்தில் ஏதோ போட்டியாம். மார்லாதான் வெண்டலைச் சுடுதளத்தில் இறக்கிவிட்டுப் போனாள். ஐந்து குண்டுகளையும் சுட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் விசில் தொங்க, சுடுதளத்தைக் கவனித்துக்கொள்ளும் ட்வைலா காகிதத்தைக் கொண்டுவந்தாள்.

நடுவைச் சுற்றிச் சாசர் அகலத்துக்குள் ஐந்து ஓட்டைகள். ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணினான். ஐந்தேதான். வெண்டல் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"என்னாச்சு வெண்டல், உடம்பு சரியில்லையா?" என்றாள் ட்வைலா.

"ஏன்? அஞ்சும் இருக்கே."

"இருக்கு, சாசர் அகலத்துக்கு. போன வாரம் வரைக்கும் அஞ்சையும் ஒரே ஓட்டையில போட்ட ஆளாச்சே நீங்க."

"யாரு?"

"நீங்கதான். ஒன்பதாம் வரிசை. உங்க மச்சான் எடுக்காம விட்டுட்டுப் போன அந்தக் காகிதமெல்லாம் ஆபீஸ்ல பத்திரமா வெச்சிருக்கேன். என் சர்வீஸ்ல அப்படிச் சுட்டு நான் பார்த்ததில்லை."

"என் காகிதம் அம்மை போட்ட மாதிரியில்ல இருந்துச்சு?"

"அது பத்தாம் வரிசை. பயிற்சிக்கு வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைங்க சுட்டது. பிள்ளைங்க சுட்டதைப் பார்க்க ஆசையா இருக்குன்னு உங்க மச்சான் வாரா வாரம் கேட்டு வாங்கிட்டுப் போவாரு."

வெண்டல் ஒன்பதைப் பார்த்தான், பத்தைப் பார்த்தான், மடியிலிருந்த புதுத் துப்பாக்கியைப் பார்த்தான்.

"இதை ஏன் நீங்க என்கிட்ட அப்பவே சொல்லலை?"

ட்வைலா சங்கடத்தோடு விசிலை உருட்டினாள். "நோட்டீஸ் போர்டுல ஒட்டலாம்னுதான் போனேன். நீங்க ரொம்பக் கூச்ச சுபாவம், யாராவது பாராட்டினா அழுதுடுவீங்க, மூச்சே விடக்கூடாதுன்னு உங்க மச்சான்தான் சத்தியம் வாங்கிக்கிட்டாரு."