‘இருக்கட்டும்’ என்று ஒரு பொத்தான்

இன்று காலை எனக்கு ஒரே ஒரு வேலைதான். போனில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்துக்குத் தொண்டியில் ஐஸ் பிளான்ட், ராமநாதபுரத்தில் அரிசி ஆலை, உச்சிப்புளியில் பெட்ரோல் பங்க். மூன்றையும் சேர்த்து ‘குரூப்’ என்று பெயர் வைத்தவன் என் கொழுந்தன் மகன் கதிர். சென்னையில் இருக்கிறான். போன மாதம் ஒரு ஆப் போட்டான். இனி ஆணி வாங்கினாலும் அதில் இயக்குநர் ஒப்புதல் வேண்டும்.

இயக்குநர் யார்? நான்தான்! என் கணவர் போனபின் அந்த நாற்காலி எனக்கு வந்தது. தமிழ் எம்.ஏ. வேறு.

தொண்டி மேனேஜர் சேது ஆப்பில் கேட்டிருந்தார்: “ஐஸ் உடைக்கிற மிஷின்ல பெல்ட் அறுந்துபோச்சு. புதுசு ரெண்டு வாங்கி வச்சுக்கிரட்டுமா? மூணு படகு ஐஸுக்காக நிக்கிது. பத்து மணிக்குள்ள ஏத்தலைன்னா இன்னைக்குக் கடலுக்குப் போக முடியாது.”

கீழே மூன்று பொத்தான்கள். ஏற்பு. மறுப்பு. இருக்கட்டும்.

முதல் இரண்டும் கோர்ட்டுத் தமிழ். மூன்றாவதில்தான் மனுஷக் குரல் கேட்டது. என் கணவரும் சேது எதைக் கேட்டாலும் “இருக்கட்டும்ப்பா” என்பார். சாமான் வந்துவிடும்.

அமுக்கிவிட்டுக் கீரை ஆயப் போனேன்.

ஒன்பது மணிக்கு சேது. “அம்மா, இருக்கட்டும்னுட்டீக. ஆனா ஆப்புல ஒப்புதல் சீட்டு வரமாட்டேங்குது. சீட்டில்லாம குடுக்கக் கூடாதுன்னு கதிர் தம்பி பெல்ட் கடையில சொல்லி வச்சிருக்காப்ல. இங்கன படகுக்காரவுக ஏசுறாக!”

கதிரை அழைத்தேன்.

“பெரியம்மா, அது ஹோல்டு! நிறுத்தி வைங்கன்னு அர்த்தம்!”

“யாரு தமிழ்ப்படுத்துனது?”

“கம்ப்யூட்டர்.”

“அது எந்த ஊருப்பா?”

“பெரியம்மா! நீங்க போட்ட ஹோல்டை நீங்கதான் எடுக்கணும். ஓடிபி வரும், அதைப் போடுங்க.”

காத்திருந்தேன். வரவில்லை.

“அது பெரியப்பா நம்பருக்குப் போகுது பெரியம்மா. மாத்தலை போல.”

“அவரு போயி ரெண்டு வருஷமாச்சுடா.”

“சிஸ்டத்துல இருக்காரே!”



பீரோவிலிருந்து அவருடைய போனை எடுத்துச் சார்ஜ் போட்டேன். உயிர் வந்தது. சிம்முக்கு வரவில்லை. பத்தாக இன்னும் பத்தே நிமிஷம்! மூன்று படகின் ஒருநாள் பிழைப்பையும் ஒரு விரலால் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துச் சேதுவை அழைத்தேன். பின்னால் கடமுடவென்று ஒரே சத்தம்.

“என்ன சேது சத்தம்?”

“ஐஸ் மிஷின் ஓடுதும்மா! ரெண்டு படகு கெளம்பிருச்சு, மூணாவதுக்கு ஏத்திக்கிட்டு இருக்கோம்!”

“பெல்ட்டு?”

“கடைக்காரரு, அம்மா என்னதான் சொன்னாகன்னு கேட்டாரு. இருக்கட்டும்னாகன்னேன். அப்பறமென்ன, எடுத்துட்டுப் போன்னுட்டாரு.”

கதிருக்குச் சொன்னேன். “ஒப்புதல் இல்லாம எப்படி வாங்கலாம்?” என்று குதிக்கிறான். ஆப்பில் இப்போதும் சிவப்பாக ஒரு வரி நிற்கிறது: ‘இயக்குநரின் முடிவுக்காகக் காத்திருக்கிறது.’

முடிவெடுக்கும் அதிகாரம் முழுக்க என்னிடம்தான் இருக்கிறது. முடிவை மட்டும் பெல்ட் கடையில் எடுக்கிறார்கள்.