கொழுந்துக்குள் ஏழு குட்டிகள்

தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்ப்பவன் கையில் உயிருள்ள எதையும் ஒப்படைக்கக் கூடாது. அவனுக்கு உலகமே இலைதான். துவண்டால் வாட்டம் என்பான், சிவந்தால் கெட்டுவிட்டது என்பான். நான் அப்படித்தான் இருந்தேன்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. கோத்தகிரிப் பக்கம் நான் சூப்பர்வைசராக இருந்த ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடாது. (மீதி நாளும் ஓடியதாகச் சொல்ல முடியாது, நடந்தது.) சம்பளம் வரும்போது வரும் என்று ஆனதும் என் மனைவி செல்வி முயல் வளர்க்க ஆரம்பித்தாள். வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். நானோ கூண்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சூப்பர்வைசர் அல்லவா?

அந்த ஏப்ரலில் எங்கள் மலையே வியர்த்தது. தகரக் கூரைக்குக் கீழே வெள்ளை முயல் ஒன்று ஏழு குட்டிகள் போட்டிருந்தது. தங்கையின் பிரசவத்துக்காகக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய செல்வி, வாசலில் என்னை நிறுத்திச் சொன்னாள்.

"ஏனுங்க, குட்டிகளுக்கு மெத்தையா தாய் முயல் பிச்சுப் போட்ட முடியில பாதிய எடுத்துருங்க. கூண்டு மேல ஈரச்சாக்கு போடுங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க."

கடைசி வாக்கியத்தை எதற்குச் சொன்னாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மத்தியானம் கூண்டுக்குள் குட்டிகள் கிடந்த பெட்டியைத் திறந்தவன் பதறிப் போனேன். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து கிடந்தன. (முயல் குட்டி முடியில்லாமல் சிவப்பாகத்தான் பிறக்கும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.) எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூட்டையில் அடைத்த கொழுந்து சூடேறினால் சிவந்துவிடும். உடனே பரப்பிக் காற்றுக் கொடுக்க வேண்டும்.

கொடுத்தேன். ஃபேக்டரி மாடியில் இலையை வாட்டுவதற்கு நீளமான தொட்டி உண்டு. அடியில் கம்பி வலை, அதற்குக் கீழேயிருந்து பெரிய விசிறி காற்றடிக்கும். ஒரு முனையில் முந்தின நாள் வந்த கொழுந்து வாடிக்கொண்டிருந்தது. மறு முனையில், வீட்டிலிருந்து பெட்டியோடு தூக்கி வந்த குட்டிகளை, அவற்றின் முடி மெத்தையோடு, இடைவெளி விட்டுப் பரப்பினேன். நடுவே ஒரு சாக்கைச் சுருட்டித் தடுப்பு வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது முதலாளியும் என்னோடு மாடி ஏறினார். கூடவே கோயமுத்தூர் வியாபாரி ஒருவர். பல மாதங்களுக்குப் பிறகு எங்கள் தூளை வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்த ஒரே மனிதர். அவர் வாங்கினால் ஃபேக்டரி ஓடும், இல்லையென்றால் பூட்டுதான் என்று முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார்.

மாடி முழுக்க முயல் முடி. விசிறிக் காற்றில் வெள்ளை வெள்ளையாக மிதந்து முதலாளியின் மீசையில் வந்து இறங்கியது. தொட்டியின் மறு முனையில் ஒரு குட்டியும் இல்லை. சாக்கு அவிழ்ந்து கிடந்தது. குளிர் தாங்காமல் ஏழும் போர்வை தேடிக் கொழுந்துக்குள் புகுந்துவிட்டன.

"என்னப்பா இது, பஞ்சு பறக்குது?" என்றார் முதலாளி. "சரி, மிஷினப் போடச் சொல்லு. இந்த இலைய எறக்கச் சொல்லு, சார் பாக்கட்டும்."

மிஷின் என்றால் அரவை மிஷின். வாடிய இலையைத் துண்டு துண்டாக வெட்டி நசுக்குவது அதுதான். சொன்னால் வியாபாரி போய்விடுவார். சொல்லாவிட்டால்... வாயைத் திறந்தேன்.

அதற்குள் வியாபாரி, இலை பதமாக வாடியிருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் செய்வதுபோல ஒரு கை அள்ளினார். உருண்டை பிடித்து அமுக்கிப் பார்க்க வேண்டும். விரல்கள் பாதியில் நின்றன. மெல்லக் கையை விரித்தார். கொழுந்துக்கு நடுவே கண் திறக்காத, விரல் நீள ஜீவன் ஒன்று நெளிந்தது.

விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்ன கிரேடுங்க?" என்றார் அவர், மெதுவாக.

"இன்னும் ஆறு இருக்குதுங்க" என்றேன் நான்.

அப்புறம் நடந்ததைத்தான் என்னால் இன்றும் நம்ப முடியவில்லை. வியாபாரி குட்டியைத் தன் கைக்குட்டையில் சுற்றி ஓரமாக வைத்தார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுத் தொட்டி ஓரத்தில் முழங்கால் போட்டார். முதலாளியும் உட்கார்ந்தார். என்னைத் திட்டக்கூட மறந்துபோய், மூவரும் கொழுந்தைப் பிடி பிடியாகத் துழாவினோம். கடைசிக் குட்டி அகப்பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழும் உயிரோடு இருந்தன. இலை மொத்தமும் குப்பைக் குழிக்குப் போனது.

வியாபாரி தூள் வாங்கவில்லை. மழைக்கு முன்பே ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். பிறகு ஒருநாள் அவர் மலையேறி வந்து எங்களிடம் வாங்கியது, மகளுக்காக ஒரு ஜோடி முயல். அதில் ஒன்று தன் கையில் வந்த அதே குட்டியாக இருக்க வேண்டும் என்றார். (எது என்று யாருக்குத் தெரியும்? செல்வி கூசாமல் ஒன்றைக் காட்டிவிட்டாள்.) வேலை போன எனக்கும் சேர்த்துச் சோறு போட்டவை மிச்சமிருந்த முயல்கள்தான்.

இன்றும் விருந்தாளிகளுக்கு நான் டீ கொண்டுபோனால், உள்ளேயிருந்து செல்வியின் குரல் வரும். "பாத்துக் குடிங்க, அவரு போட்டதுங்க. உள்ள ஏதாச்சும் கண்ணு முழிச்சிருக்குதான்னு பாத்துக்குங்க."